விடை வராத கூரை

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய கட்டுமானப் பொறியியல் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் கார் விற்கும் ஒருவர், தன் புதிய காட்சிக்கூடத்தின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றார். தூண்களுக்கு நடுவே குறுக்காகப் போகும் இரும்புக் கம்பிகள் கார்களை மறைக்கின்றன என்று வரைபடத்திலிருந்து அவற்றை எடுக்கவைத்தார். மாற்றிய வரைபடத்தைச் சரிபார்ப்பது என் வேலை.

கணினி பாதியில் நின்றது. சமன்பாடுகளைத் தீர்க்க முடியவில்லை என்று ஒரே வரி.

எனக்கு மூத்த பொறியாளர் ஓர் அக்கா. திரையை எட்டிப் பார்த்தார்.

“பூஜ்யம் வர்ற எடத்துல சின்னதா ஒரு நம்பர் போட்டு விடு. ஓடும் லா.”

போட்டேன். ஓடியது. கூரை தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவ் வரைக்கும் நகர்ந்து போய்விடும் என்பது போல ஓர் எண் வந்தது. அக்கா சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மறுநாள் காலை தூண்களும் உத்தரமும் சேர்ந்த முன்பக்கச் சட்டத்தை மட்டும் எடுத்துத் தாளில் போட்டேன். உத்தேசமாக ஒரு விடையில் தொடங்கித் திருத்திக்கொண்டே போகும் முறைகள் உண்டு. நான் எடுத்தது நேர்முறை. முதல் சமன்பாட்டைக் கொண்டு மற்றவற்றிலிருந்து ஒரு மாறியை நீக்க வேண்டும். அடுத்ததைக் கொண்டு இன்னொன்றை. கடைசியில் ஒரே மாறி மிஞ்சும். அதன் மதிப்பு தெரிந்தால் கீழிருந்து மேலாக மற்றவை வந்துவிடும். என் தாளில் அந்தக் கடைசி மாறியும் அடிபட்டுப் போனது. இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் காற்றின் விசை. கணக்கை மறுபடி பார்த்தேன். தப்பில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளினால் எதிர்த்து நிற்க அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

அக்கா தாளை முழுதாகப் படித்தார்.

“சைட்ல தூண் நிறுத்திட்டாங்களா?”

“நம்ம கணக்கு முடியறதுக்கு முன்னாடியே கூரைகூட ஏத்திட்டாங்க அக்கா.”

“அப்ப இப்ப எது புடிச்சிக்கிட்டு இருக்கு?”

அவர் காரிலேயே பாலத்தைக் கடந்து ஜுருவுக்குப் போனோம். கட்டும்போது தூண்கள் சாயாமல் இருக்கத் தற்காலிகமாகக் கட்டியிருந்த இழுகம்பிகளை ஆட்கள் தளர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“அவுக்காதீங்க அண்ணே! அதுதான் கூரைய நிறுத்தி வெச்சிருக்கு” என்றேன் கட்டட வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரரிடம்.

அவர் ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு “துங்கு! துங்கு!” என்று மலாயில் பொறுக்கச் சொல்லிக் கத்தினார். ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

கார் கடைக்காரர் வந்து விஷயத்தைக் கேட்டதும் கோபப்பட்டார். “கம்ப்யூட்டர் ஓடலன்னு என் கடைய நிறுத்துவீங்களா?”

“கம்ப்யூட்டருக்காக இல்ல அண்ணே. கூரை நிக்காது” என்றார் அக்கா.

இரண்டு ஓரங்களிலும் குறுக்குக் கம்பிகள் திரும்ப வந்தன, நடுவில் கண்ணாடி. திறப்பு விழாவுக்கு எங்களை அழைக்கவில்லை. அதற்குள் நான் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிடங்கின் கணக்கில் இருந்தேன்.