சீட்டுக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

விலை குறைவாக இருந்தால் நான் இரண்டடி தள்ளி நிற்பேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் மலிவாகக் கிடைத்தால்கூட, அது எப்படிச் செத்தது என்று விசாரிக்காமல் வாங்க மாட்டேன். அப்படிப்பட்டவன்தான் மலிவாக ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன்.

வேறு வழியில்லை. நான் இருக்கும் மாசாயிலிருந்து தொழிற்சாலைக்கு என்னைத் தினமும் காரில் ஏற்றிப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் எனக்கென்று ஒரு வண்டி வேண்டும். ஸ்கூடாயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தன் ஸ்கூட்டரை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். விலையைக் கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வயிறு ஹேண்டில்ல இடிக்குதுண்ணே. வளைவுல திரும்ப முடியல," என்றார்.

சிரித்துக்கொண்டே வாங்கி வந்துவிட்டேன். ஞாயிறு காலை வண்டியைக் கழுவலாம் என்று சீட்டைத் தூக்கினால், மூலையில் வற்றிப்போன அரை எலுமிச்சம்பழம். வெட்டிய பக்கத்தில் சிவப்பு.

எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ இந்த வண்டியில் விழுந்திருக்கிறார்கள். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. எலுமிச்சையில் குங்குமம் தடவிக் கழித்துவிட்டு வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாய் எதற்கு எலுமிச்சை கழிக்கப் போகிறார் என்று மனைவி கேட்டாள். அவருக்கு முன்னால் வைத்திருந்தவன் செய்திருப்பான் என்றேன். பயந்தவனிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

கையால் தொடாமல் சமையலறை இடுக்கியால் அதை எடுத்து வீசினேன்.

"ஏங்க, அந்த இடுக்கி இனிமே உள்ள வரக்கூடாது," என்றாள் மனைவி. அவள் கவலை அவளுக்கு.

அதோடு விடவில்லை. கோயிலுக்கு ஓடி, குங்குமம் தடவிய புது எலுமிச்சை ஒன்றை வாங்கி வந்து அதே மூலையில் வைத்தேன். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? பிறகு உண்மையைக் கறக்க ஸ்கூடாய்க்குக் கிளம்பினேன். பேய் பிடித்த வண்டியில் ஏறிப் போய்த்தான் பேயைப் பற்றி விசாரிக்க வேண்டியிருந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்த போதெல்லாம், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலவே இருந்தது.

கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்கு சிராப் லிமாவ் போனது. கண்ணாடிக் கிளாஸில் சிவப்புப் பாகு, மேலே மிதக்கும் பாதி எலுமிச்சை. வெட்டிய பக்கம் முழுக்கச் சிவப்பு. நான் அதையே முறைத்துப் பார்ப்பதைக் கண்டு, குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பாயிடம் மெதுவாகக் கேட்டேன். வீட்டுக்குப் போகும்போது அந்த சிராப் தண்ணீரைப் பையில் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போவாராம். ஒருநாள் பை உடைந்து எல்லாம் கொட்டிவிட்டதாம்.

"இன்னும் பிசுபிசுன்னு இருக்கா? தொடச்சுத் தரேன் வாங்க," என்று அவரே ஈரத்துணியோடு வெளியே வந்தார். நான் வேண்டாம் என்பதற்குள் சீட்டைத் தூக்கிவிட்டார்.

உள்ளே என் எலுமிச்சை, குங்குமத்தோடு, பளபளவென்று.

பாய் ஓரடி பின்னால் போனார். எலுமிச்சையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கடையைப் பார்த்தார்.

"அண்ணே, இத எதுக்கு என் கடை வாசலுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

நான் சொன்ன விளக்கத்தை நானே நம்பியிருக்க மாட்டேன். அவர் வாய்க்குள் எதையோ ஓதி, கடையைப் பார்த்து ஊதினார்.

திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போனேன், விழாமல். இன்றும் அதில்தான் போகிறேன். பாய் கடைக்கும் போவதுண்டு. வண்டியை மட்டும் நாலு கடை தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவர் வயிற்றை இப்போது நன்றாகப் பார்த்துவிட்டேன். ஹேண்டிலில் இடிக்கிற அளவுக்கெல்லாம் இல்லை.