தாய்லாந்து ஹீரோவுக்கு வாய் கொடுத்த கதை

திரையில் ஒருவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் அதற்குள்ளே ஒரு தமிழ் வசனத்தை வைத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வாய் மூடிக்கொள்ளும், வசனம் வெளியே நிற்கும். டப்பிங் வசனம் எழுதுகிற வேலை இவ்வளவுதான்.

ஒன்றரை வருடமாக நான் வாய் கொடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒருவருக்கு. அவர் தாய்லாந்துச் சண்டைப்பட ஹீரோ. கயிறு கட்டிக்கொள்ள மாட்டார், டூப் போட மாட்டார், முழங்காலும் முழங்கையும்தான் அவருக்கு ஆயுதம். அவருடைய படங்களைச் சென்னையில் ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கிவிட்டது. ஆங்கில வசனத்தாளோடு படம் எனக்கு வரும். கான்வென்டில் படித்த புண்ணியத்தில் அதைத் தமிழாக்கி அனுப்புவேன். கணவருக்கு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வாத்தியார் வேலை, அதனால் என் டப்பிங் உலகம் முழுவதும் ஜவ்வாது மலையில் ஒரு வாடகை வீட்டுக்குள் நடக்கிறது.

மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் அம்மாக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் மகள் கயலுக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. கீழே நான் சிரிப்பதுபோல எழுதியிருக்கும் இடங்களிலும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

யாரை இந்தப் போடு?

வசனம் வாயில் உட்காருகிறதா என்று தெரிய, படத்தோடு சேர்ந்து நாமும் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "உன்னை உயிரோட விடமாட்டேன்!" என்பதை ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டியது காதில் விழவில்லை. தோளில் ஒரு கை விழுந்ததும் அலறிவிட்டேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா. சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் கையில் முறத்தோடு அப்படியே ஓடி வந்திருந்தார்.

"சார் இஸ்கூலுக்குப் போய்ட்டாரு. வூட்ல கீறது நீயும் கொயந்தையும். யார இந்தப் போடு போடற?" என்றார். பார்வை கயலின் கன்னத்தில், கையில், காலில் எல்லாம் போய் வந்தது. எனக்கு உடம்பு கூசிவிட்டது. அவசரமாக லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். ஹீரோ ஐந்து பேரை ஒரே மூச்சில் உதைத்துப் போட்டுவிட்டு, பிறகு நிதானமாகப் பேச வாயைத் திறந்தார். அக்கா முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "இம்மாம் ஒதை ஒதைக்கிறவன் இன்னாத்துக்கும்மா பேசணும்?"

லீவு லெட்டர்

எங்கள் கான்வென்டில் தமிழில் பேசினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அதனால் நான் தமிழைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்துப் பழகியவள். முதல் படத்தில் எதிரிகள் சுற்றி நிற்கும்போது ஹீரோ எச்சரிக்கிற இடம் ஒன்று வந்தது. "தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். சென்னையிலிருந்து டப்பிங் பொறுப்பாளர் சேகர் சார் கூப்பிட்டார். சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடி மூலையில், மழைத் தூறலில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திட்டு வாங்கினேன்.

"அவரோட உதட்டப் பாருங்க. நடுவுல ஒரே ஒரு வாட்டி குவியுது. அங்க 'வ' வுழணும். மொத்தமே ஒன்றரை செகண்டு" என்றார். இரண்டு நாள் போராடி, "கிட்ட வராத" என்று கொடுத்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்ததால் எல்லாப் படத்திலும் அவருக்கு அதுவே பேச்சாகிவிட்டது. என் முதல் வசனத்தைப் பற்றி மட்டும் சேகர் சார் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "மேடம், அவர் அடியாளுங்கிட்ட பேசறாரு. ஹெட்மாஸ்டர்கிட்ட லீவு கேக்கல."

இரண்டு பக்கம்

நீளமான சண்டைக்கும் வசனத்தாள் உண்டு. "ஹா", "ம்ஹ்", "ஆஹ்" என்று ஒவ்வொரு உதைக்கும் வரிசை எண் போட்டு எழுதித் தர வேண்டும். அப்படி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தது, கணவர் திருத்திக்கொண்டிருந்த அரைப்பரீட்சைப் பேப்பர்களோடு கலந்துவிட்டது. சிவப்புப் பேனாவோடு அதை நெடுநேரம் படித்தார். "எந்தப் பையன் பேப்பர்னு தெரியல. ஆனா இன்னா கேள்வி கேட்டாலும் மனசுல பட்டத எழுதிக்கீறான்."

வாய் மட்டும்

கயலை அங்கன்வாடியில் விட்டு மூன்று வாரம் ஆனபோது டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளைங்க பாட்டு பாடுறப்ப இவளும் பாடுறா. வாய் சரியா அசையுது. சத்தம் மட்டும் இல்ல" என்றார். நம்பாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். கயல் மற்ற பிள்ளைகளோடு கைதட்டி, வாயைத் திறந்து மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்த வேலையை எடுத்ததிலிருந்து அவள் உட்கார்ந்திருப்பது என் மடியில், லேப்டாப்புக்கு முன்னால். படத்தின் சத்தம் முழுவதும் என் ஹெட்போனுக்குள், நான் சொல்லிப் பார்க்கும் வசனம் அவள் தலைக்குப் பின்னால். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வாயை அசைக்கும் ஒரு மாமா. சத்தமில்லாமல் அசைவதுதான் பேச்சு என்று என் பிள்ளை நினைத்துக்கொண்டுவிட்டதோ? உலகத்தில் வேறெந்த அம்மாவும் செய்ய முடியாத தப்பை நான் செய்துவிட்டேனோ? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் டீச்சர் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். "நீங்க குடிங்க மொதல்ல. பாப்பா நல்லாத்தான் கீறா, உங்களப் பாத்தாத்தான் எனக்கு பயமா கீது."

அவருடைய அம்மா

அந்த மாதமே ஹீரோவின் வாழ்க்கைக் கதை ஆவணப்படமாக எனக்கு வசனம் எழுத வந்தது. நெல் விளையும் ஒரு ஏழைக் கிராமத்தில் பிறந்தவர். கோயில் திருவிழாவில் திரை கட்டிப் படம் போடுவார்களாம். முன்னால் இடம் கிடைக்காமல் இவர் திரைக்குப் பின்னால் போய் உட்காருவாராம். ஸ்பீக்கர் அந்தப் பக்கம் பார்த்திருக்கும், ஜெனரேட்டர் இந்தப் பக்கம் உறுமும். பேச்சு ஒன்றும் கேட்காது, உடம்பு அசைவது மட்டும் தெரியும். அதைப் பார்த்தே சண்டை கற்றிருக்கிறார். பல வருடம் மற்ற நடிகர்களுக்கு டூப்பாக விழுந்து எழுந்திருக்கிறார், முகம் தெரியாமல். முகம் தெரிந்து, பேரும் புகழும் உச்சத்துக்குப் போனபோது ஒரு நாள் படப்பிடிப்பை அப்படியே விட்டுவிட்டு மடாலயத்துக்குப் போய், மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

பிறகு அவருடைய அம்மா வருகிறார். வெற்றிலைக் கறை பல்லோடு சிரித்துக்கொண்டே, "சின்ன வயசுல இவன் பேசவே மாட்டான். பேச வேண்டியதையெல்லாம் குதிச்சுக் காட்டுவான்" என்கிறார். அந்த இடத்தைப் பதினோரு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எந்த வயதில் பேசினான்? முதலில் என்ன பேசினான்? பேட்டி எடுத்தவர் அதைக் கேட்கவே இல்லை. அடுத்த கேள்வி ஹீரோ வாங்கிய கார் பற்றி. தாங்க முடியாமல் மாடிக்கு ஓடி சேகர் சாரைக் கூப்பிட்டு, ஒரிஜினலில் எங்காவது அந்த வயது வருகிறதா என்று கேட்டேன். அவருக்கு என் பிள்ளை விஷயம் தெரியாது. "ஸ்கிரிப்ட்ல இல்லாததக் கேட்டா நான் எங்க போறது மேடம்? அந்தம்மா வாய மூடிட்டாங்க, சீன் முடிஞ்சிது."

திருப்பத்தூர்

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறவள் நான். அன்று மூடவில்லை, கயலின் உதட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் கயலோடு அரை மணி நேரம் கட்டைகள் அடுக்கி விளையாடினார். நான் ஹெட்போன், மடி, சத்தமில்லாத மாமா என்று எல்லாவற்றையும் சர்ச்சில் பாவமன்னிப்புக் கேட்பதுபோல ஒப்பித்தேன்.

அவர் திட்டவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், காரணம் இதுதான் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு தன்னையே அடித்துக்கொள்ளக் கூடாது, மாதம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். "பேசிடுவாளா?" என்று கேட்டேன். அதற்கு அவர் உறுதி எதுவும் தரவில்லை. வாசல்வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே இவ மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. அந்த ஆளு மூஞ்சியப் பாத்துப் பேசனது போதும்."

வாய்ஸ் டெஸ்ட்

ஹெட்போனைப் பரணில் போட்டேன். சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது, கயலின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினேன். தொண்டை கட்டும்வரை பேசினேன். அவள் என் உதட்டையே பார்ப்பாள். தன் உதட்டை அசைப்பாள். அவ்வளவுதான். இரண்டு மாதம் போனது. மூன்றாவது தடவை திருப்பத்தூர் போய் வந்த பஸ்ஸில், இவள் கடைசிவரை இப்படியே இருந்துவிட்டால் என்ற நினைப்பு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கடைசிப் படத்தில் ஒரு "கிட்ட வராத" சரியாக உட்காரவில்லை, பேசிப் பதிந்து அனுப்புங்கள் என்று சேகர் சார் கேட்டிருந்தார். ஒரு சாயங்காலம் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, உதடு எப்போது திறக்கிறது என்று பிடிப்பதற்காகப் படத்தின் சத்தத்தை அணைத்து ஓடவிட்டேன். கயல் மடியில். எரிகிற அரிசி மில்லுக்கு நடுவே ஹீரோ திரும்புகிறார். வாயைத் திறக்கிறார். நான் மூச்சை இழுத்தேன். எனக்கு முன்னால், என் தாடைக்குக் கீழேயிருந்து, கரகரவென்று ஒரு சின்னக் குரல், "கிட்ட வராத" என்றது. 'வ' உதடு குவிந்த இடத்தில் விழுந்தது.

நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயம். படத்தைப் பின்னால் ஓட்டினேன். மறுபடியும் சொன்னாள். ஐந்து தடவை ஓட்டினேன், ஐந்து தடவையும் சொன்னாள். கணவர் பயிற்சி வகுப்புக்காகச் செங்கம் போயிருந்தார். என் காதில் மட்டும் கேட்ட சத்தமில்லை இது என்று உடனே யாராவது சொல்லியாக வேண்டும். கயலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, ஒரு எழுத்தும் சேர்க்காமல் அந்தப் பதிவைச் சேகர் சாருக்கே அனுப்பினேன். படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். பதில் வந்தது: "டைமிங் பக்கா மேடம். வாய்ஸ்தான் ஹீரோவுக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கு."

இப்போது, அடுத்த வசனம் எப்போது பேசுவாளோ என்று பயந்துகொண்டே நான் பால் டம்ளரோடு போனாலும் சீப்போடு போனாலும், என் மகள் எனக்குத் தருகிற ஒரே பதில், இரண்டு நாள் போராடி என் கையாலேயே எழுதிக் கொடுத்த அந்தக் 'கிட்ட வராத'தான்.