மொகிலி கணவாயில் இறங்கிய மாலை

காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளிலேயே சித்தூர் போய், அங்கிருந்து மொகிலி கணவாய் ஏறி பலமனேரி வரை போய்த் திரும்புவது என்று நானும் என் சிநேகிதனும் கிளம்பியபோது எங்கள் இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. அறுபதுகளின் கடைசி அது. நான் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவன் பட்டுச்சேலைக் கரைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் கொடியும் அன்னமும் வரைந்து கொடுக்கிறவன். வருகிற தை மாதம் என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மலையையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டான். எங்கள் ஊர்ப்பக்கம் ஏற்றம் என்று சொன்னால் ஏரிக்கரைதான்.

முதல் நாள் வெயில் இறங்குவதற்குள் சித்தூர் போய் ஒரு சத்திரத்தில் படுத்தோம். மறுநாள் விடிந்தவுடன் புறப்பட்டோம். மொகிலி கோயிலைத் தாண்டியதும் ரோடு நிமிர ஆரம்பித்தது. முதல் வளைவு வரை வீராப்பாக மிதித்தோம். இரண்டாவது வளைவில் நான் இறங்கிவிட்டேன். அவன் இன்னும் கொஞ்ச தூரம் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கினான். பிறகு இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே நடந்தோம். அவன் சும்மா வரவில்லை. நின்று நின்று பார்த்தான். பாறை இடுக்கில் வளர்ந்த மரம், கீழே நாங்கள் வந்த ரோடு, அதில் எறும்பு மாதிரி ஏறும் லாரி.

"இங்க பார்பா, இந்தப் பச்சைக்குள்ள எத்தினி பச்சை இருக்குது!" என்றான். எனக்கு ஒரே பச்சைதான் தெரிந்தது.

உச்சியில் காற்று சில்லென்று அடித்தது. பலமனேரியில் ஒரு தெலுங்கம்மா வைத்திருந்த கடையில் களியும் கீரைக்குழம்பும் சாப்பிட்டோம். உண்ட மயக்கத்தில் நான் ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்தேன். அவன் உட்காரவே இல்லை.

"எழுந்திருபா. ரெண்டு மணி ஆயிடுச்சி."

"இன்னா அவசரம்? எறக்கம்தானே. மிதிக்கவே வேணாம், உருண்டுக்கினே போயிடலாம்."

இன்னும் இரண்டு தடவை எழுப்பினான். நான் புரண்டு படுத்தேன். எழுந்தபோது நாலு மணிக்கு மேல் ஆகியிருந்தது. அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. இவ்வளவு நல்ல நாளில் இவனுக்கு என்ன கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கணவாய் வாயிலுக்கு வருவதற்குள் என் பின் டயர் பஞ்சரானது. ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும். குட்டையைத் தேடிப் போய், ட்யூபை அமுக்கிப் பார்த்து, ஒட்டி, காற்றடித்து முடிப்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு வழி நன்றாகத் தெரிந்தது. வானத்தில் இன்னும் வெளுப்பு இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து உருட்டினேன். பின்னால் சத்தம் வராததால் திரும்பிப் பார்த்தேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏறும்போது தள்ளுனே, சரி. எறங்கும்போதும் தள்றியா?" என்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

நேராக வந்த அவன், ரோட்டோரம் வெள்ளையடித்து நட்டிருந்த கல்லின்மேல் சைக்கிளோடு மோதி விழுந்தான். குழந்தைக்குக்கூடத் தெரிகிற கல். ஓடிப்போய்த் தூக்கினேன். என் முகத்துக்கு நேராகப் பார்க்காமல், என் தோளுக்கு அப்பால் பார்த்துப் பேசினான்.

"எனக்குப் பொழுது சாஞ்சா தெரியாதுபா."

மாலைக்கண் என்று சின்ன வயதில் ஆட்டு ஈரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோய் அதற்குக் கேட்கவில்லை. போன வருஷம் யாருக்கும் சொல்லாமல் மெட்ராஸ் போய்க் காட்டியிருக்கிறான். பகல் பார்வையும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே வரும், மருந்து கிடையாது, எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். சாயங்காலம் ஆனால் இவன் எந்தச் சினிமாவுக்கும் வராததும், திருவிழாவில் சுவாமி வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பத்து வருஷமாகக் கூடவே திரிந்தவன் நான்.

"எங்க வீட்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்ல. உன் தங்கச்சிகிட்ட நானே சொல்லணும்னு இருக்கேன். வாய் வரல. ஒரு வாரம் குடு. நானே வந்து சொல்றேன். அதுக்கு மேல அது இஷ்டம்."

"சரி" என்றேன்.

இரண்டு சைக்கிளையும் என் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தேன். அவன் பின்னால் என் தோளில் கை வைத்து வந்தான். மேலே ஏறும் லாரி ஒன்று வளைவில் வெளிச்சத்தை முகத்தில் அடித்தபோது அவன் மிரண்டு கையை எடுத்துவிட்டுப் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கினான். இரண்டு சைக்கிளையும் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான்கள் தெறித்தன. லாரி போன பிறகு இரண்டு பேரும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். என் கை அவன் சட்டையை விடவே இல்லை.

"காலைல நல்லா பார்த்துட்டேன்பா. போதும்" என்றான்.

கோயில் விளக்கு தெரியும்வரை நடந்தோம். அங்கேயே மண்டபத்தில் படுத்தோம்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தங்கையின் நன்மைக்காகத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நம்பினேன். இப்போது யோசித்தால், அந்தப் பாரத்தை ஒரு வாரம் சுமக்க எனக்குத் தைரியம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அப்பா அன்று மாலையே அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேச்சை முறித்துவிட்டார். தங்கையை யாரும் கேட்கவில்லை. அவள் டைப்ரைட்டிங் கிளாசிலிருந்து வந்ததும் அம்மா உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். அவள் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் வழக்கம்போல் கிளாசுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. சொன்ன வாரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு, "இன்னாபா, எல்லாம் பேசி முடிஞ்சாச்சே" என்றார். அவன் அப்பாவைத் தாண்டி என்னைப் பார்த்தான். பகல் வெளிச்சத்தில் நன்றாகவே பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

தங்கைக்கு வாலாஜாபாத்தில் ரைஸ்மில் கணக்குப்பிள்ளை ஒருவரைப் பார்த்துக் கட்டிவைத்தோம். நல்ல மனிதர்.

ஏழெட்டு வருஷம் கழித்து, வாலாஜாபாத் பஸ்சுக்காக நான் நின்றிருந்தபோது அவன் சுவரை ஒட்டி மெதுவாக வந்தான். ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குரல் வந்த பக்கம் உடனே திரும்பினான்.

"நீயாபா? நல்லா இருக்கியா?"

வரைவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, அண்ணன் வீட்டில் நூல் சுற்றுகிறேன், அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும் என்றான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைப் பற்றிக் கேட்டான். இரண்டு பிள்ளைகள் என்றேன். சந்தோஷம் என்றான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீ சொன்னதுல தப்பில்லபா. ஆனா சரின்னு சொன்னியே. அத நம்பி நாலு நாளா ஒவ்வொரு வார்த்தையா சேர்த்து வச்சிருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. அவன்தான் என்னை ஏறச் சொன்னான்.

அன்று தங்கையிடம் அவனைப் பார்த்ததைச் சொன்னேன். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, "எவ்ளோ தெரியுதாம்?" என்று கேட்டாள்.

"வெளிச்சத்துல ஆள் நிக்கிறது தெரியுதாம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து இறக்கி வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ணா" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தது. காப்பியைக் கலந்து என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.