கதவு மணியில் இருந்த பெயர்

எங்கள் வீட்டின் வாய் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. இத்தாலியின் பலேர்மோ நகரில், ஒரேத்தோத் தெருப் பக்கம் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வேலைக்குப் போகும் வீடுகளின் இத்தாலியன்: தரை, யன்னல், இஸ்திரி, நோன்னோ. நோன்னோ என்றால் தாத்தா. கிழவர்களைப் பராமரிப்பவர்கள் முதலில் பழகும் சொல் அது. அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போய் வதிவிடப் பத்திரங்களைப் புதுப்பித்து வருவார், ஆனால் தொலைபேசியை எடுத்தால் அவருக்கு நாக்கு ஒட்டிவிடும். ஆகவே மருத்துவரோடும் பள்ளிக்கூடத்தோடும் ஒன்பது வயதுப் பெட்டை நான் கதைப்பேன். வாய்க்காரி என்று அம்மா திட்டுவார். திட்டிவிட்டு போனை என் கையில்தான் தருவார்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, இரண்டு வருடம் எங்களோடு இருந்துவிட்டு, லாக்குயிலா என்ற மலை நகரத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். பழைய நகரம், திரும்பின பக்கமெல்லாம் கோயில் என்பார். 2009ஆம் ஆண்டின் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே நிலம் ஆடிக்கொண்டே இருந்தது. குருத்தோலை ஞாயிறு பின்னேரம் போன் எடுத்தார்.

"நேற்றும் ஆடினது அக்கா. சிஞ்ஞோராக் கிழவி கட்டிலை விட்டு இறங்கமாட்டன் எண்டுறா. ஐந்நூறு வருசக் கல்வீடாம். உன்னையும் என்னையும் புதைச்சுப்போட்டும் நிக்குமாம்."

"நீயெண்டாலும் வெளியிலை போய்ப் படன்."

"ஐயோ, குளிரக்கா!" என்று சிரித்தார். பிறகு என்னோடு கதைத்தார். இஞ்சை குருத்தோலைக்குப் பதிலாக ஒலிவக் கிளைதான் தந்தவை, உனக்கு ஒரு துண்டு எடுத்து வைச்சிருக்கிறன் என்றார்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் அந்த நகரத்தைக் காட்டினார்கள். விடியுமுன்னரே இடிந்துவிட்டது. கோயில் கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. ஒழுங்கைகள் கல்லால் நிரம்பிக் கிடந்தன. தலைக்கவசம் போட்ட ஆண்கள் கற்குவியலில் காதை வைத்துக் கேட்டார்கள், கேட்கும்போது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சின்னம்மாவின் எண்ணுக்கு அம்மா எடுத்தபடியே இருந்தார். தொடர்பு இல்லை என்று ஒரு பெண் குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

திரையின் கீழே, செத்தவர், காயப்பட்டவர் பட்டியல் கேட்க ஓர் உதவி எண் ஓடியது. பகல் முழுக்க முயன்று, பின்னேரம்தான் கிடைத்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பேரைச் சரியாச் சொல்லு பிள்ளை."

மறுமுனையில் ஒரு மனிதர் குடும்பப் பெயரைக் கேட்டார். கொன்யோமே. எனக்கா தெரியாது? எங்கள் கதவு மணியில் எழுதியிருக்கும் பெயரைச் சொன்னேன். அது அப்பாவின் தகப்பன் பெயர். சின்னம்மாவும் இரண்டு வருடம் அந்த மணிக்குள்தானே இருந்தார்! எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்படி ஒருவரும் இல்லை என்றார். பிறகு, சிறிலங்காப் பெண் ஒருவர் இருக்கிறார், ஆனால் கொன்யோமே வேறு என்று சொல்லி, அதைத் தட்டுத் தடுமாறி வாசித்தார்.

"சந்தி... சந்தியாபில்லாய்..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சுவரில் மாலையோடு தொங்குகிற மீசைக்காரர், அம்மாவின் அப்பா.

"சந்தியாப்பிள்ளையா? அது என்ரை நோன்னோ! அவர் மன்னாரிலை எப்பவோ செத்துப் போனார்!" என்று இத்தாலியனில் கத்தினேன்.

அந்த மனிதர் மெதுவாக, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா, போனைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் இத்தாலியனுக்கு என்ன குறை? நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"பட்டியலிலை பேர் இல்லையாம் அம்மா."

அம்மாவின் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"இல்லையெண்டுதானே சொன்னவங்கள்?"

"ஓம்."

அம்மா அப்படியே மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டார். நெடுநேரம் எழும்பவில்லை. சந்தோசம் என்று நினைத்தேன். என்னால் வந்த சந்தோசம் என்றும் நினைத்தேன்.

அப்பா அன்றைக்கே நாப்போலிக் கப்பலுக்கு வெளிக்கிடப் பார்த்தார். "போய்ப் பாத்திட்டு வாறன்."

"பேர் இல்லையெண்டிட்டாங்கள்தானே," என்றார் அம்மா. "கூடாரத்திலை இருப்பாள். அவளே எடுப்பாள், பொறுங்கோ."

அப்பா நின்றுவிட்டார். செவ்வாயும் அம்மா அப்படித்தான் சொன்னார், புதனும் அப்படித்தான். ஒரு பையில் கம்பளிச் சட்டையும் மிளகாய்த்தூளும் வைத்தார். எடுத்தார், திரும்ப மடித்து வைத்தார். அந்தப் பை எங்கேயும் போகவில்லை.

பெரிய வெள்ளியன்று சவ அடக்கத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெட்டிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் யாராவது கட்டிப்பிடித்து அழுதார்கள். ஓரத்தில் ஒரு பெட்டியருகே மட்டும் ஒருவரும் இல்லை.

"அதுக்கு ஆருமில்லையோ," என்றார் அம்மா. அந்தப் பெட்டி திரையை விட்டுப் போன பிறகும் அதற்காகச் செபித்துக்கொண்டிருந்தார். அது சின்னம்மாவா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை, செத்துப்போன அந்தக் கிழவியின் மகள் எங்கள் எண்ணைத் தேடிப்பிடித்து எடுத்தாள். எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னாள். போனைப் பொத்திக்கொண்டு, எந்தத் தமிழில் சொல்வது என்று தெரியாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சொல்லும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா ஏற்கெனவே நிலத்தில் விழுந்து கிடந்தார்.

என்னால்தான் சின்னம்மா அடக்கத்துக்கு ஆளில்லாமல் போனார் என்று ஐந்து வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். பதினான்கு வயதில், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று, அம்மாவோடு குவெஸ்தூராவில் முதல்முறையாகக் காத்திருந்தேன். அதிகாரி அழைத்தார்.

"சந்தியாபில்லாய்!"

அன்றைக்கு அம்மா என் தோளைப் பிடித்து நிற்க, நான் போனில் கத்திய அதே பெயர். அம்மா பத்திரத்தை எடுத்துக்கொண்டு, வருடக்கணக்காகப் பழகிய காலடியோடு, அந்தப் பெயருக்கு எழுந்து போனார்.