தேயாத டயர்

என் கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்த ஏழு வருடமும் அவருடைய பைக்கை வாரா வாரம் துடைத்து வைத்தேன். ஆயுத பூஜையன்று டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பேன். ஓட்ட ஆள் இல்லாததால் நானே வண்டியைத் தள்ளிப் பழத்தை நசுக்குவேன்.

போன ஐப்பசியில் அவர் ஊர் திரும்பியதும், "டயரை மாத்திடலாமா?" என்று கேட்டார்.

"டயர்ல மேடு மேடா இருக்கிற பட்டன் கொஞ்சங்கூட தேயல, புதுசு மாதிரியே இருக்குது. எதுக்குங்க?" என்று நான்தான் தடுத்தேன்.

மறுநாள் நல்ல மழை. கிரிவலப் பாதையில் நாங்கள் அந்த பைக்கில் போனபோது, அடி அண்ணாமலை வளைவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. அவர் மெதுவாகத்தான் பிரேக் பிடித்தார். பின்சக்கரம் வழுக்கி இருவரும் ரோட்டில் விழுந்தோம். எதிரே வந்த வேன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. முழங்கையில் ரத்தம் வழிய, "உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றுதான் முதலில் கேட்டார்.

மெக்கானிக் டயரை நகத்தால் அழுத்தினார். நகம் பதியவேயில்லை. "ஓடாம நின்னாலும் டயருக்கு வயசாகும்க்கா. ரப்பர் இறுகிப்போச்சு, ஈர ரோட்ல பிடிக்காது" என்றவர், தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்க எண்ணை டயரின் பக்கவாட்டில் காட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் துடைச்சதெல்லாம் வீண்தானாங்க?"

"நீ துடைக்கலைன்னா வண்டியே மிஞ்சியிருக்காது" என்றார் அவர்.

புது டயர்களை அந்த எண்ணைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினோம். இந்த ஆயுத பூஜைக்குக் குனிந்தபோது, ரப்பரில் நகம் பதிகிறதா என்று முதலில் பார்த்தேன். பதிந்தது. பிறகுதான் பழத்தை வைத்தேன்.

தள்ள வேண்டியிருக்கவில்லை. நான் ஒதுங்கி நின்றேன், அவர் ஓட்டினார்.