ஐஸ் சளி

கனகசெட்டிக்குளத்து அஞ்சலாட்சி பல வருஷமாகப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். புருஷன் போன பிறகு மீன் கூடையை வைத்தே மகள் வினோதாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

நாள் முழுக்க ஐஸில் கை வைப்பவர்களுக்குச் சளி ஒரு நோயே அல்ல. ‘ஐஸ் சளி’ என்பார்கள். தும்மலில் தொடங்கும், மூக்கு ஒழுகும், தானாக அடங்கும். அதற்காக யாரும் வீட்டில் படுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தாள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கையில் குளிர் தூக்கிப் போட்டது. இடுப்பும் தொடையும் அடித்துப் போட்டதுபோல் வலித்தன. வறட்டு இருமல் வந்தது, தும்மல் வரவில்லை.

“இன்னாக்கா, மீன விட்டுட்டு நீயே ஐஸ்ல படுத்தியா?” என்றாள் பக்கத்துக் கடை ஜெயம்.

“ஐஸ் சளிடீ. நாளைக்குப் பொண்ணுக்கு வளைகாப்பு, படுக்க முடியுமா?”

மறுநாள் மாத்திரையால் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு மூலக்குளத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த வினோதாவின் கன்னத்தில் சந்தனம் பூசினாள்; குனிந்து வளையல் போட்டாள். இருமல் முந்தானைக்குள் அடங்கவில்லை. “மீன்காரம்மாவுக்கே ஐஸ் ஒத்துக்கல” என்று சிரித்தார்களே தவிர, யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. சாயங்காலம் வழக்கப்படி மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தாள்.

செவ்வாய்க்கிழமை கடையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜெயம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டெங்குவோ என்று ரத்தம் பார்த்தார்கள், இல்லை. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்ததில் தெரிந்தது.

“இன்ஃப்ளூயன்சாம்மா. சளின்னா மெதுவா வரும். இது ஒரேயடியா ஆள சாய்ச்சிடும், தொத்தும். வீட்ல யாரு இருக்காங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஜெயம்தான் சொன்னாள்: “பொண்ணு. ஏழு மாசம்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “நுரையீரல்ல எறங்கினா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. காய்ச்சல் ஆரம்பிச்ச உடனே மருந்து குடுக்கணும். இப்பவே போன் பண்ணுங்க.”

“வினோதா, மூக்கு ஒழுகுதாடி? தும்மல் இருக்கா?” ஒழுகட்டும் என்று வேண்டிக்கொண்டே கேட்டாள் அஞ்சலாட்சி.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. காலைல நல்லாதான் இருந்தேன். இப்ப எழுந்துக்கவே முடியல. குளிருது.”

பிறகு போனில் இருமல் கேட்டது. வறட்டு இருமல். சனிக்கிழமையிலிருந்து அஞ்சலாட்சி இருமிக்கொண்டிருந்த அதே இருமல்.

ஜெயம் ஆட்டோவைப் பிடிக்க வாசலுக்கு ஓடினாள்.