பேனா மூடியும் பத்தாவது தட்டும்

நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவளுக்கு விடுதியில் வைத்த பெயர் சீச்சீ. காரணப் பெயர்தான். குழாயை முழங்கையால் திறப்பாள். அடுத்தவர் தம்ளரில் ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாலே அவள் முகம் அஷ்டகோணலாகும். இப்பேர்ப்பட்டவள் கிருமிகளைப் படிக்க வந்தது ஏன் என்று கேட்டால், "எதிரி யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்பாள்.

அது விடுமுறைக்கு முந்தைய வாரம். கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் பதினாலு மாதம் கழித்து வீட்டுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி கப்பல். வெள்ளிக்கிழமை ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தால் அவனோடு இரண்டு நாள். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். குறுக்கே நின்றது ஒரு செய்முறைப் பாடம். வளாகத்தில் பத்து இடங்களைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதைக் கண்ணாடித் தட்டில் தீற்றி, நாற்பத்தெட்டு மணி நேரம் சூட்டுப் பெட்டியில் வைத்து, முளைக்கும் புள்ளிகளை எண்ணி அறிக்கை தர வேண்டும். அதில் துறைத்தலைவரின் கையெழுத்து விழாமல் யாரும் விடுதியை விட்டுக் கிளம்பக் கூடாது.

திங்கட்கிழமை வகுப்பே பஞ்சும் கையுமாக அலைந்தது. பெரும்பாலோர் விவரமானவர்கள். இடத்தை முதலில் ஸ்பிரிட் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டு, அப்புறம்தான் பஞ்சை வைத்தார்கள்.

"எதுக்குடி இந்தக் கூத்து?" என்று பக்கத்து மேசைக்காரியைக் கேட்டாள் சீச்சீ.

"சுத்தமா இருந்தா அஞ்சாறு புள்ளிதான் மொளைக்கும். எண்ணிட்டு நிம்மதியாத் தூங்கலாம். உன்ன மாதிரி உண்மையத் தேடிப் போனா கண்ணு பூத்துடும்."

சீச்சீ உண்மையைத் தேடித்தான் போனாள். உணவுக்கூட மேசை, நூலகக் கணினி, கழிவறைக் கதவு என்று ஒன்பது இடம் தேறியது. பத்தாவதை யோசித்தபடியே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடத் துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்தாள். பதிவேட்டின் மேல் அது கிடந்தது.

அந்தப் பேனாவை வகுப்பே அறியும். தலைவர் எதைப் படித்தாலும் அதன் மூடி அவர் கடைவாயில் இருக்கும். பல் முளைக்கும் குழந்தை பொம்மையைக் கடிப்பதுபோல் மென்றுகொண்டே இருப்பார். பிறகு அதே பேனாவை, ஈரம் காய்வதற்குள், "போடும்மா கையெழுத்து" என்று நீட்டுவார். இரண்டு வருஷமாக அதைத் தொடாமல் சொந்தப் பேனாவோடு வந்து தப்பித்தவள் சீச்சீ ஒருத்திதான். இப்போது ஐயா அறையில் இல்லை. கையில் பஞ்சுக் குச்சி. பாவ புண்ணியம் பார்க்கவில்லை அவள்.

புதன்கிழமை சூட்டுப் பெட்டியைத் திறந்த ஆய்வக உதவியாளர் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒன்பது தட்டுகளில் அங்கங்கே புள்ளிகள். பத்தாவதில் தனிப் புள்ளி என்று ஒன்றுமில்லை. ஆறிப்போன கஞ்சியில் ஏடு படிந்தாற்போல், மஞ்சளும் சாம்பலுமாக, விளிம்புவரை ஒரே கொழகொழப்பு.

"கழிவறைக் கதவா இது?"

"அது மூணாவது தட்டுக்கா. வெறும் இருபத்திரெண்டு."

"அப்ப இது?"

சீச்சீ காதோடு சொன்னாள். அக்கா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, காலைலதானே லீவு லெட்டர்ல அந்தப் பேனாவால எழுதினேன்! அந்தக் கையாலயே சாப்பிட்டேனே!"

வெள்ளிக்கிழமை நாலேகால். தலைவர் மூடியை மென்றபடி அறிக்கையைப் புரட்டினார். பத்தாம் வரிசைக்கு வந்தார். 'துறைத்தலைவர் மேசைப் பேனாவின் மூடி: எண்ண முடியாத அளவு.' மெல்லுவது நின்றது. மூடி மட்டும் வெளியே வரவில்லை. வெளியே எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

"இத அறிவிப்புப் பலகைல ஒட்டணும்மா. முதல்வர் பாப்பாரு. இந்த வரிசைய எடுத்துடு."

"எடுத்தா ஒன்பதுதான் சார். பத்து இல்லன்னா செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, அதுவும் சரிதான். வேற எடத்துல புதுசா எடுத்துடு."

"ரெண்டு நாள் ஆகும் சார். ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் கெளம்பிடுவான்."

"அறிவியல்ல அவசரம் கூடாதும்மா." சற்று யோசித்தார். யோசனை வந்ததும் மெல்லுவதும் திரும்ப வந்தது. "ஒண்ணு பண்ணு. பேனா இருந்துட்டுப் போகட்டும். 'மாணவியின் பேனா'ன்னு மாத்திடு. எண்ணிக்கை மாறலையே? அறிவியலுக்கு ஒரு குறையும் வராது."

சீச்சீ அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தள்ளி நின்று அருவருத்த எச்சிலை இப்போது எழுத்துபூர்வமாகத் தத்தெடுக்கச் சொல்கிறார். கடிகாரத்தைப் பார்த்தாள். அவசரத்தில் பையை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கையில் பேனா இல்லை.

"இந்தா" என்று நீட்டினார். ஈரமாகத்தான் இருந்தது.

வாங்கினாள். அடித்தாள். எழுதினாள்.

"'சொந்தப் பேனா'ன்னு போடு, தெளிவா இருக்கட்டும்" என்றார். அதையும் போட்டாள். அவரும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவளை நிஜமான அக்கறையோடு பார்த்தார்.

"கண்டதையும் வாய்ல வெக்கிற பழக்கத்த விட்டுடும்மா. இந்தப் படிப்புப் படிச்சுட்டு இப்படி இருக்கலாமா? வயித்துக்கு ஆகாது."

அவர் கிண்டல் செய்யவில்லை. மனதாரச் சொன்னார். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

பேருந்தில் உட்கார்ந்ததும் அண்ணன் அழைத்தான்.

"ஏறிட்டியா வாலு?"

"ஏறிட்டேண்ணா."

"அப்புறம் ஏன் கொரல் செத்துக் கெடக்கு? கையெழுத்துக் கெடச்சுதுல்ல?"

"கெடச்சுது. வாசல்ல சோப்பும் தண்ணியும் வை. நான் சொல்ற வரைக்கும் யாரும் என்னத் தொடாதீங்க."

"அம்மா கட்டிப்புடிக்கக் காத்துட்டிருக்காங்கடி!"

"தொடாதீங்கன்னேன்ல!"

பதினாலு மாதம் கழித்து வந்த அண்ணனை அன்று அவள் முதலில் நலம் விசாரித்தது, தாழிட்ட குளியலறைக் கதவுக்கு உள்ளே இருந்துதான்.